சின்ன பேரிங்

விமான எஞ்சினின் ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைச் சமையலறை மேசையில் விரித்ததுமே வெர்லாவுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் வெயிலில் காகிதம் மினுமினுத்தது. இரும்புத் துகள். மூன்றாவது தடவை.

"என் தப்புதான்" என்றான் அவள் கணவன் டெல்பர்ட். "இறங்குறப்போ எஞ்சினை ரொம்ப மெதுவா ஓட விட்டிருப்பேன்."

"விட்டியா, இல்ல விட்டிருப்பியா?"

"ஞாபகம் இல்ல, வெர்லா."

ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி உரத்துப்போன குரல் அவளுக்கு. அன்று அந்தக் குரல் வெளியே வரவில்லை. காகிதத்தை நாலாக மடித்தாள். பதினோரு வருஷம் இரண்டு பேருமாகக் கார் ஷெட்டில் கட்டிய விமானம் அது. வால் பகுதியில் இருக்கும் ரிவெட் ஆணிகள் அத்தனையும் அவள் கையால் அடித்தவை. எஞ்சின் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய ரோட்டரி வகை எஞ்சின். அதன் வேகம் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்குத் தாங்காது என்பதால் நடுவில் ஒரு கியர்பாக்ஸ். அதைச் செய்து கொடுத்தவர் ஹார்லன். அவர்கள் பறக்கும் விமானத் திடலில் ரோட்டரி வைத்துப் பறக்கிற எல்லோருக்கும் அவர் செய்த கியர் பெட்டிதான். அவர் சொல்வதுதான் வேதம். எஞ்சின் மெதுவாக ஓடினால் கியர் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும், அந்த அடியில் பேரிங் தேயும், ஆகவே தப்பு ஓட்டுகிறவன் மேல். டெல்பர்ட் இதை நம்பி, மீட்டரில் சிவப்பு பெயிண்ட்டால் கோடு போட்டு, முள் அதற்குக் கீழே இறங்காமல் காவல் காத்தான். பேரிங் அப்படியும் தேய்ந்தது. அவனும் அப்படியும் மன்னிப்புக் கேட்டான். வெர்லாவுக்கு எதைப் பார்த்து அதிகம் எரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். விசிறித் தண்டைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முன்னால் இருக்கும் சின்ன பேரிங்கின் தடம் ஒரே பக்கமாக, எலி கடித்த சோளக் கதிர் மாதிரி இருந்தது. பின்னால் இருக்கும் பெரிய பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி பளபளத்தது. சுமக்க வேண்டிய பெரியவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறான், சின்னவன் தனியாகச் சுமந்து செத்திருக்கிறான். எஞ்சின் மெதுவாக ஓடி அடித்திருந்தால் இரண்டுக்கும்தானே அடி விழுந்திருக்கும்?

அவள் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கான்சாஸுக்கு வருவதற்கு முன் ஹார்லன் லூசியானாவில் சதுப்புநிலப் படகுகளுக்கு கியர்பாக்ஸ் செய்தவர். அந்தப் படகுகளில் விசிறி பின்னால் இருந்து தள்ளும். தண்டு பெட்டிக்குள் அழுந்தும். பெரிய பேரிங் அதைத் தடுக்கத்தான் பின்னால் இருக்கிறது. விமானத்திலோ விசிறி முன்னால் இருந்து இழுக்கிறது. தண்டு வெளியே பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. பிடித்து நிறுத்த அங்கே சின்னதைத் தவிர யாரும் இல்லை.

"டெல்பர்ட், இது படகுப் பெட்டி" என்றாள். "அந்த மனுஷன் படகுப் பெட்டியை அப்படியே நமக்கு மாட்டிவிட்டிருக்கார்."

டெல்பர்ட் பேரிங்கை விரலால் உருட்டினான். "அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரிந்திருக்காது என்றுதான் அவளும் நினைத்தாள். அதனால் சனிக்கிழமை காலை திடலின் விமானக் கொட்டகையில் நடக்கும் கூட்டுச் சாப்பாட்டுக்குப் போகும்போது அவளிடம் பாதிக் கோபம்தான் இருந்தது. சின்ன பேரிங்கைப் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"என்ன வெர்லா, துணியில கேக்கா?" என்றான் வெண்டல், தோசைக்கல்லில் பேன்கேக்கைத் திருப்பியபடி. அவனும் அவன் மனைவியும் அன்று நெப்ராஸ்காவுக்குப் பறப்பதாக இருந்தார்கள். வெளியே நின்ற அவன் விமானத்தில் பை ஏற்கெனவே ஏறியிருந்தது. அதிலும் ஹார்லன் பெட்டிதான்.

"பல்லு. ஹார்லன் பெட்டி துப்பின பல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார். எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. "ஏம்மா, எஞ்சினோட ஐடிலிங் வேகத்தை ஏத்தி வைக்கச் சொன்னேனே, உன் வீட்டுக்காரன் கேட்டானா?"

"ஏத்தித்தான் வச்சிருக்கான். வேகம் குறையாம ஓடுபாதையைத் தாண்டிப் பக்கத்துக் கோதுமை வயல்ல போய் நிக்குது விமானம். நீங்க இந்தத் தேய்மானத்தைப் பாருங்க. ஒரே பக்கம். பெரிய பேரிங் புதுசு மாதிரி இருக்கு. உங்க பெட்டி தள்ளுறதுக்குச் செஞ்சது, ஹார்லன். நாங்க இழுக்குறோம்."

ஹார்லன் பேரிங்கை வாங்கிப் பார்க்கவில்லை. காபிக் கோப்பையைப் பார்த்தார். "நேத்து ஒரு பெட்டியைப் பிரிச்சிட்டு இன்னிக்கு இன்ஜினியர் ஆயிட்டியா?"

அதைச் சொல்லும்போது அவர் கண் ஒரு நொடி கொட்டகையின் கோடிக்குப் போய் வந்தது. அங்கே அவருடைய விமானம். சனிக்கிழமைகளில் எல்லோரும் எஞ்சின் மூடியைக் கழற்றி வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். தொடுவதற்கு மட்டும் சொந்தக்காரனைக் கேட்க வேண்டும். ஹார்லனின் மூடி இந்த வசந்தம் முழுக்கக் கழலவில்லை. பெயிண்ட் காயவில்லை என்றார், திருகு தொலைந்துவிட்டது என்றார்.

வெர்லா மேசையிலிருந்து வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"வெர்லா, கேட்காம தொடாதே" என்றான் டெல்பர்ட்.

"நீ பேசாம இரு. உன் மரியாதையாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

அரைத் திருப்பில் கழன்றுவிடும் திருகுகள். கத்தி முனையை வைத்து ஒவ்வொன்றாகத் திருகினாள். ஹார்லன் எழுந்தார், ஆனால் நடக்கவில்லை. மூடி கழன்று வந்தது. உள்ளே கியர்பாக்ஸின் மூக்கு ஒரு கை அகலம் நீண்டிருந்தது. புதிதாகக் கடைந்த எஃகு வளையம், பெரிய பேரிங் உட்காரும் அளவுக்குப் பருமனாக, முன்னால்.

வெர்லா கத்தி முனையால் அந்த வளையத்தைத் தட்டினாள்.

"எப்போ மாத்தினீங்க?"

"சும்மா ஒரு சோதனைதான்…"

"எப்போன்னு கேட்டேன்."

"குளிர்காலத்துல."

குளிர்காலம். அதற்கு முந்தைய அறுவடையில்தான் இதே திடலில் பறந்த எல்டன் விமானத்தோடு விழுந்தான். ஹார்லன் பெட்டி நடு வானத்தில் இறுகிப்போய், கோதுமை அறுத்த வயலில் வந்து மோதி, முதுகெலும்பு நொறுங்கியது. எஞ்சினை மெதுவாக விடவே இல்லை என்று எல்டன் இதே மேசையில் சத்தியம் செய்தான். 'பதற்றத்துல மறந்திருப்பே' என்று ஹார்லன் அவன் தோளைத் தட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெர்லாவும்தான்.

"உன்னோடதை மட்டும் சரி பண்ணிக்கிட்டே" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை நீ என்றது இதுதான் முதல் தடவை. "இவனைக் கோடு போட்டு ஓட்ட விட்டே. எல்டனை அவன் மேலயே சந்தேகப்பட விட்டே. வெண்டல் இன்னிக்கு பொண்டாட்டியை ஏத்திக்கிட்டுப் போறான். நீ உட்கார்ந்து காபி குடிக்கிறே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் ஹார்லன். "சொன்னா எல்டன்… அது என் கையால ஆனதுன்னு ஆயிடும்."

"ஆயிடுமா? ஆயாச்சு, மனுஷா!"

வெண்டல் அடுப்பை அணைத்தான். வெளியே போய், தன் விமானத்திலிருந்து மனைவியின் பையை எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு தன் விசிறியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். தண்டோடு சேர்ந்து ஆடியது. அதை விட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஹார்லன் சுவரில் தொங்கிய ஸ்பானரைக் காட்டினார். "டெல்பர்ட், அதை எடுப்பா. வெண்டலோட பெட்டியை இப்பவே இறக்கிடலாம். எல்லாருக்கும் நானே மாத்தித் தரேன்."

யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பவன் டெல்பர்ட். அவன் ஸ்பானரைப் பார்த்தான். கைகள் இரண்டும் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன.

"எல்டன் வரட்டும்" என்றான்.

வெர்லா துணியைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை ஹார்லனின் உள்ளங்கையில் வைத்து அவர் விரல்களை மூடினாள்.

வாசலுக்கு அப்பால், மண் பாதையின் திருப்பத்தில் புழுதி எழுந்தது. எல்டனின் பிக்கப் வண்டி. சட்டை மாட்டவே அவனுக்கு நேரம் பிடிக்கும், அதனால் சனிக்கிழமைகளில் அவன்தான் கடைசி. முதுகு தாங்காது என்பதால் ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் வண்டியை நிறுத்தினான், மெல்ல இறக்கினான், மெல்ல ஏற்றினான். பாதை நிறையக் குழிகள். ஹார்லன் மூடிய கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார், மேசையை நோக்கி நீட்டினார், அங்கேயும் வைக்கவில்லை. வண்டி அடுத்த குழிக்கு வந்து நின்றது.