ஈரலின் விளிம்பு

உடற்கூறு வகுப்பில் யாரும் மேசையில் கிடப்பதைப் பிணம் என்று வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. பெரியாசான் என்றுதான் சொல்வார்கள். ஆண்டு முழுக்க அறுபட்டுக் கிடந்து பாடம் சொல்லித்தருகிற ஆளை வேறெப்படி அழைப்பதாம்? மேசைக்கருகே போனதும் கைகூப்பி, "கத்தி வைக்கப்போறோம், பொறுத்துக்குங்க ஆசானே" என்று கேட்டுக்கொண்ட பிறகே துணியை விலக்க வேண்டும். மாலிவன் என்ற மாணவியின் மேசையில் இருந்தவர் பெயர் சரோட். மேக்கோங் ஆற்றங்கரை விவசாயி, மாரடைப்பில் போனவர். சாகும் முன்பே உடம்பை மருத்துவப் படிப்புக்கு எழுதிக் கொடுத்திருந்த புண்ணியவான்.

அன்று வயிற்றுப் பாடம். ஈரலை வெளியே எடுக்கும் வேலை மாலிவனுக்கு விழுந்தது. கூட்டாளி வித்தூன் பாங்காக் பையன். மருந்து வாடை அவனுக்கு ஆகாது. படநூலை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளியே நின்றான்.

"பித்தநாளம் எங்க, காட்டு. படத்துல பச்சையா இருக்கே."

"படத்துல நீகூடத்தான் அழகா இருப்ப. கிட்ட வந்து பாருடா."

வந்து குனிந்து பார்த்தான். மெல்லிய குழாயாக இருக்க வேண்டிய பித்தநாளம் விரல் தடிமனுக்குப் புடைத்து இறுகிக் கிடந்தது. ஈரலின் விளிம்பு முண்டும் முடிச்சுமாக இருந்தது. அடிப்பக்கம் வெளுத்த ஒரு கட்டி. கத்தி இறங்கியபோது நறநறத்தது.

பேராசிரியை சிரின்யா வந்து நாளத்தை நீளவாக்கில் கீறினார்.

"பச்சை மீன்லேர்ந்து வர்ற ஈரல் பூச்சி பண்ணின வேலை. ஆனா பூச்சி ஒண்ணுகூட இல்ல பாருங்க. மனுஷன் மாத்திரை போட்டிருக்கணும். மாத்திரை போட்டா பூச்சி செத்துடும். அந்த தைரியத்துல மறுபடி பச்சை மீன், மறுபடி பூச்சி, மறுபடி மாத்திரை. நாளம் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கடைசில புத்துநோய். மாரடைப்பு முந்திக்கிச்சு, அவ்வளவுதான்."

மாலிவன் கத்தியைக் கீழே வைத்தாள். அதே மாத்திரையை ஒவ்வொரு விடுமுறைக்கும் அட்டை அட்டையாக, பச்சை மீனை விடாத அப்பாவுக்கு வாங்கிப்போய்க் கொடுத்தவள் அவள்தான். மருத்துவம் படிக்கிற மகளல்லவா, சும்மா போக முடியுமா! கொஞ்ச நாளாக உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அவர் சொன்னதற்கும் வெயில் சொறி என்று ஒரு களிம்பு வாங்கித் தந்திருந்தாள், அறிவாளி. பித்தநாளம் அடைபட்டால் உடம்பு அரிக்கும், கண் மஞ்சளாகும். இத்தனை நாள் ஊரில் நின்று அப்பாவின் கண்ணை ஒருமுறை நேராகப் பார்த்திருப்பாளா?

சனிக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து ஊருக்குப் போனாள். அப்பாவுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, ஒன்றும் இருக்கக்கூடாது என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடியே போனாள். அப்பா கம்சிங் வயல் குடிலில் கூட்டாளி புன்தோமுடன் உட்கார்ந்திருந்தார். நடுவில் தட்டு நிறைய கொய் பிளா. பச்சை மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் செவ்வெறும்பு முட்டையும் போட்டுப் பிசைந்தது. பக்கத்தில் அரிசிச் சாராயம்.

"வந்துட்டாய்யா எங்க டாக்டரு! மாத்திரை கொண்டாந்தியா?"

"இல்லப்பா. அந்தத் தட்டைத் தள்ளி வைங்க."

"ஏம்மா பயப்படுற? எலுமிச்சம்பழம் பட்டதும் மீன் வெளுத்துடுச்சு பாரு. வெந்தாச்சுன்னு அர்த்தம்," என்றார் புன்தோம். "மிச்சத்த சாராயம் பாத்துக்கும்."

"வெளுத்தா வெந்ததா பெரியப்பா? அப்ப உங்க தலை வெந்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

கம்சிங் தொடையைத் தட்டிச் சிரித்தார். வெளிச்சத்தில் அவருடைய விழியின் வெள்ளை மஞ்சள் பூத்திருந்தது தெரிந்தது. பெரியாசானின் ஈரலைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியை மாத்திரையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள். புன்தோம் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது.

"படுங்கப்பா. ஒரே நிமிஷம்."

"இங்கயேவா? சரி, படிச்ச படிப்ப காட்டு பாப்போம்."

சட்டையை விலக்கிக்கொண்டு பாயில் மல்லாந்தார். வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னாள். நல்ல உடம்பில் ஈரல் விலாவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், கைக்கு அவ்வளவாகத் தட்டுப்படாது. இவர் மூச்சை இழுத்ததும் முண்டும் முடிச்சுமாக ஒரு விளிம்பு இறங்கி வந்து அவள் விரலில் மோதியது. கையுறை போட்டுக்கொண்டு அவள் தூக்கிப் பார்த்த அதே விளிம்பு. இது சூடாக இருந்தது.

"கூச்சமா இருக்குடி," என்று நெளிந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினார்.

"டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுத்துடலாம்பா" என்று தொடங்கியவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. அவர் வயிற்றின் மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான்தாம்பா. மாத்திரை குடுத்துக் குடுத்து நான்தாம்பா உங்களைத் திங்க வச்சேன்."

அவர் அவள் தலையை மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"உங்கம்மா கேட்டா, மாத்திரைய நானா கடையில வாங்கித் தின்னேன்னு சொல்லு," என்றார். "புன்தோமு, நீயும் அப்படியே சொல்லணும். எம்புள்ளய எவனும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."