பூட்ஸ் கழற்றும் சிப்பாய்

என் கணவர் அப்சலாம் ப்ரௌட் கல் செதுக்குகிறவர். வாஷிங்டனில் பழைய பணக்கார வீடுகளின் வாசல் மேலே படரும் திராட்சைக் கொடிகளில் பல அவர் கைவேலை. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய போருக்குப் பிறகு கல்லறைக் கற்கள்தான் அதிகம் வந்தன. எங்கள் ஒரே மகன் எனோஸுக்கு மட்டும் கல்லறை இல்லை. கறுப்பினத்தவர் படைப்பிரிவோடு பீட்டர்ஸ்பர்க் போர்முனை அகழிக்குப் போனான். அங்கே விழுந்தவர்களை ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். பட்டாளத்து உடையில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று கடைசியாக எழுதியிருந்தான். படம் வரவில்லை. வேறு படமும் எங்களிடம் கிடையாது.

அதனால் அப்சலாம் களிமண்ணை எடுத்தார்.

சண்டை முடிந்து வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிற சிப்பாய். கை முடிச்சில் இருக்கிறது, முகம் மட்டும் நிமிர்ந்திருக்கிறது, உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. முன்னறை முழுக்க ஈரத்துணியும் வாளியுமாகக் கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்று பார்ப்பேன்.

"இடது புருவம் இன்னும் ஏறணும்."

"அது நீ அவனத் திட்டும்போது. மத்த நேரம் இவ்வளவுதான்."

"மத்த நேரம் எங்க இருந்துச்சு? திட்டிக்கிட்டேதானே இருந்தேன்."

எனோஸ் போனபின் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்தக் களிமண்ணுக்கு முன்னால்தான். முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி, சற்றே பிளந்த உதடு, சின்ன வயதில் அடுப்பங்கரையில் விழுந்து வாங்கிய முகவாய்த் தழும்பு, எல்லாம் வந்தன. களிமண் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் சாந்து ஊற்றி, அது இறுகியதும் அச்சை உடைத்தார். களிமண்ணும் சிதைந்துபோனது. மிஞ்சியது சாந்துச் சிலை ஒன்றுதான்.

ஈலாம் பெக்கட் அப்போது தென் கரோலினாவிலிருந்து மக்களவைக்கு வந்திருந்தார். எங்களைப் போல அடிமையாகப் பிறந்தவர். அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு அவைகளிலிருந்தும் ஆள் எடுத்து அமைத்த ஒரு குழுவில் அவர் இருந்தார். நாட்டு நூலகத்தையும், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வைக்கும் சிலை, ஓவியங்களையும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சிலையைப் பார்த்த அன்று வறுத்த சிப்பியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, இது அந்தக் குவிமாடத்துக்குக் கீழ போயி உட்காரணும். பளிங்குல. அங்க நம்ம ஆளு ஒருத்தன்கூட இல்ல."

"சாப்பாட்டுல கைய வச்சுட்டு எந்திரிக்கிறவன் நீ இல்லையே. நெசமாத்தான் சொல்றியா?" என்றார் அப்சலாம்.

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு. முகம் யாருதுன்னு குழுத் தலைவர் கேப்பாரு. யாருதும் இல்லன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

"முன்னாடி ஒரு சிற்பி சுதந்திர தேவி சிலை ஒண்ணுக்குத் தன் மச்சினி மூஞ்சிய வச்சுட்டான். அவ புருஷன் ஊர்க்காரங்களக் கூட்டிட்டு வந்து காட்டிக்கிட்டுத் திரிஞ்சான். ஊரே சிரிச்சுது. அதுலருந்து பொதுவுக்குச் செய்யற உருவம் எது வந்தாலும், யார் சாயல்னு கேக்காம தலைவர் விடறதில்ல. ரெண்டு வார்த்தைதாண்ணே. யாருதும் இல்ல. அவ்வளவுதான்."

அப்சலாம் தலையாட்டினார்.

சிலையை வைக்கோலில் பொதிந்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்தோம். உறுப்பினர்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பழகட்டும் என்று கொஞ்ச காலம் நடைவழியில் வைப்பது அந்தக் குழுவின் வழக்கம். நூலகம் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. அலமாரி கொள்ளாமல் புத்தகங்கள் நடைவழியெங்கும் அடுக்கிக் கிடந்தன. என் மகன் அந்த அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிப்பு என்றால் உயிர். பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துபோனது.

குழு கூடிச் சிலையைப் பற்றி விசாரித்த நாளில் என்னைச் சுவரோரமாக உட்கார வைத்தார்கள். குழுத் தலைவர் செனட்டர் ஹேதர்லி நல்ல மாதிரியானவர். காது கொஞ்சம் மந்தம். அப்சலாமை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வேலை அருமை என்றார். பக்கத்திலிருந்த ஒருவர், "பூட்ஸப் பாத்தா எனக்கே கால் வலிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெக்கட் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வழக்கமாக் கேக்கறதுதான், மிஸ்டர் ப்ரௌட். முகம் யாரோட சாயல்?"

அப்சலாம் ஏதோ முணுமுணுத்தார். தொப்பியைத் தொடையில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேக்கலையே. யார் சாயலுன்னேன்?"

"யாருதும்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "எங்க மகன், ஐயா. பேரு எனோஸ்."

பெக்கட் கண்ணை மூடிக்கொண்டார்.

"நானும் ஒரு புள்ளைய அந்தப் போர்ல குடுத்தவன்" என்றார் செனட்டர். "அவன் முகத்த இங்க வைக்கச் சொல்லி நான் கேக்கல. உங்களுக்கு மட்டும் சரின்னா, மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? முகத்த மாத்திக் கொண்டாங்க. அன்னிக்கே பளிங்குக்கு உத்தரவு போடறோம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்சலாம்தான் பேசினார்.

"எங்கிட்ட வந்து, ஒனக்குப் புள்ளையே இல்லன்னு சொல்லுன்ன மாதிரி இருந்துச்சு கெசையா."

"நீங்க சொன்னதுதான் சரி."

"சரிதான். இப்ப அந்த மூக்குல நான் அரத்தை வைக்கணுமாமே."

வைக்கவில்லை. பையில் அரத்தைப் போட்டுக்கொண்டு ஒருமுறை போனார். சிலைக்குப் பக்கத்தில் புத்தக அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார். கல்தூசு ஏற்கெனவே அவர் நெஞ்சை அரித்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் இருமி இருமியே செத்துப்போனார்.

அடக்கம் முடிந்ததும் பெக்கட்டிடம் கேட்டேன், "அவன வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடு தம்பி. எனக்குப் பளிங்கு வேண்டாம்."

"அங்க பத்திரமா இருக்கான் அக்கா. இந்த ஈரத்துல வண்டியில ஏத்துனா சாந்து விரிசல் விட்டுடும். வெயில் வரட்டும். நான் பாத்துக்கறேன்."

நம்பினேன். தென் மாநிலங்களில் அப்போது எங்கள் ஆட்களை வாக்குப் போட விடாமல் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேர்தலில் தான் திரும்பி வரப்போவதில்லை என்பது பெக்கட்டுக்குத் தெரியும். அந்த அவசரம் எனக்குத் தெரியவில்லை. வசந்தத்தில் ஒருநாள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா! ஒத்துக்கிட்டாங்க! ஒருத்தர்கூட எதுத்துப் பேசல. பளிங்கு வாங்கியாச்சு!"

கையில் மாவோடு வந்து கதவருகே நின்றேன். "முகம்?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பெக்கட், முகம் என்னாச்சு?"

"ஒரு சிற்பிய வச்சு... லேசாத்தான் அக்கா. கொஞ்சம்போலத்தான் மாத்தினான். என் காலம் முடியுது. எங்கள எல்லாம் தொரத்தினப்புறம் நம்ம ஆளு ஒருத்தனாவது அங்க உட்கார்ந்திருக்கணும்னு..."

நான் அப்படியே ஓடினேன். நடைவழியில் அவன் அதே இடத்தில் இருந்தான். மூக்கை அரத்தால் ஒடுக்கியிருந்தார்கள். உதட்டை மூடி மெல்லியதாக்கியிருந்தார்கள். பல் தெரியவில்லை. முகவாய் வழவழவென்று இருந்தது. அதை எனோஸ் என்றும் சொல்ல முடியாது, எங்கள் ஆள் என்றும் சொல்ல முடியாது. பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற பெக்கட்டும் அதை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. "நான் இப்படிச் சொல்லல அக்கா, இப்படிச் சொல்லவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கீழே தரையைப் பார்த்தேன். அரத்தில் உதிர்ந்த தூளைக்கூட மிச்சமில்லாமல் பெருக்கியிருந்தார்கள்.

அதைப் பார்த்துச் செதுக்கிய பளிங்குச் சிலை இன்றும் அங்கே, குவிமாடத்துக்குக் கீழே இருக்கிறது. பெக்கட் அந்த ஆண்டே ஊருக்குத் திரும்பினார். பிறகு தகவல் இல்லை. ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஆட்களைச் சிலை முன்னால் நிறுத்தி, "இது தனியா யாருமில்ல, எல்லாச் சிப்பாயும்தான்" என்கிறார்கள். வெளியூர்ப் பெண்கள் கைக்குட்டையை எடுக்கிறார்கள். பூட்ஸையும் கைகளையும் மட்டும் யாரும் மாற்றவில்லை. கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு அவிழ்க்கத் தெரியாமல் திண்டாடுவது எனோஸின் பழக்கம். அந்த முடிச்சு கல்லில் அப்படியே இருக்கிறது.

முன்பெல்லாம் அதைப் பார்ப்பதற்காகவே போய்வருவேன். இப்போது போவதில்லை. கண்ணை மூடி அவனைக் கூப்பிட்டால் அந்தக் கைகள் வருகின்றன, முடிச்சு வருகிறது, பிறகு அவன் நிமிர்கிறான். நிமிர்வது அந்தக் கல் முகம். தழும்பு முகவாயில் எந்தப் பக்கம் இருந்தது என்று நேற்று முழுக்க யோசித்தேன். கேட்க அப்சலாமும் இல்லை.