ஒரு கிடாயும் ஒரு கையும்

ஒரு கையால் ரொட்டி மாவு பிசைந்துவிடலாம். குதிரையிடம் பால் கறக்க அது போதாது. ஒரு கை பின்னங்காலைச் சுற்றிப் போக வேண்டும், மறு கை முன்னாலிருந்து வர வேண்டும். அன்று காலையும் ஜூராகான், குதிரைப் பட்டியின் வேலியோரம் நின்று, கூலிக்கு வந்தவள் தன் குதிரைகளிடம் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூராகானின் வலது கை சால்வைக்குள் செத்த பாம்பாய்த் தொங்கியது.

போன கோடையில் நரின் நகருக்குப் போகும் சாலையோரம் புளித்த குதிரைப்பால் விற்றுக்கொண்டிருந்தவளை ஒரு வேன் அடித்துப் போட்டது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே, வேன் ஓட்டிய அசமத்தின் சொந்தக்காரர்கள் சமாதானம் பேச ஒரு கிடாயோடு வந்து நின்றார்கள். படியேறி வந்தவர் ஒரு துண்டு ரொட்டியாவது தின்னாமல் போகலாமா, கண்ணுகளா? ஜூராகான் விரிப்பை விரித்து ரொட்டி வைத்தாள். கிடாய் வெந்தது, எல்லோரும் தின்றார்கள். கடைசியில் அவள் புருஷனின் அண்ணன் தொக்தோபெக் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் ஏந்தி, "நடந்தது நடந்துபோச்சு, பகை வேண்டாம்" என்று ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். அதோடு முடிந்தது என்று ஊரே நினைத்தது.

ஜூராகான் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள்.

"வாபஸ் வாங்கிடும்மா" என்றார் தொக்தோபெக், நீதிமன்ற வாசலில். "நான் ஆசி குடுத்த பிறகு வழக்குன்னா, என் வெள்ளைத் தாடிக்கு என்ன மரியாதை?"

"உங்க தாடிக்கு ஒண்ணும் ஆகல பெரியத்தான். என் கைக்குத்தான் ஆயிடுச்சு."

உள்ளே, வேனுக்கான காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் சிரித்த முகமாகவே பேசினார். "சேர்ந்து சாப்பிட்டாச்சு, ஆசியும் ஆச்சு. சமாதானம் ஆனதுக்கு வேறென்ன சாட்சி? அதுவுமில்லாம இந்தம்மா வேலையே பாக்கல. சம்பளச் சீட்டு உண்டா?"

"படியேறி வந்தவங்களுக்கு ரொட்டி, வக்கீலய்யா. நாளைக்கு நீங்க வந்தாலும் வைப்பேன். அதுக்காக நீங்க சொல்றதெல்லாம் சரின்னு ஆயிடுமா?"

"கிடாய் விலையையாவது கழிக்கணும்."

"அதுல பாதிக்கு மேல தின்னது உங்காளுங்கதான்."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்களும் ஆசி சொன்னீங்களா?" என்று கேட்டார்.

ஜூராகான் சால்வையைத் தள்ளிவிட்டு இடது கையை ஏந்தினாள். வலது கை அசையவில்லை. "ரெண்டு கையும் ஏந்தினாத்தானே ஆசி? அன்னைக்கும் இது எந்திரிக்கல. யாரும் பாக்கல."

தொக்தோபெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "நான் கண்ண மூடியிருந்தேன் தாயி," என்றார் நீதிபதியிடம். "ஆசி என்னோடது, குடுத்தேன். கை அவளோடது. அதை விட்டுக்குடுக்க நான் யாரு?"

நீதிபதி அன்று மதியமே தீர்ப்பைப் படித்தார். விருந்து உண்டதால் உரிமை போகாது. சம்பளச் சீட்டு இல்லாவிட்டால், அதே வேலைக்கு அந்த வட்டாரத்தில் என்ன கூலியோ அதுவே அவள் வருமானம். உழைக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் குழு சொன்னதோ, வருமானத்தில் அந்த அளவுக்கு இழப்பீடு. வைத்தியச் செலவு சேரும். பட்ட வேதனைக்குத் தனியாக.

வெளியே அசமத் தலைகுனிந்து நின்றான். "அப்போ என்னை மன்னிக்கலையாக்கா?"

ஜூராகான் நின்றாள். "மன்னிக்கிறதும் மன்னிக்காததும் என் இஷ்டம் தம்பி, அதை எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது. நஷ்டஈடு என் உரிமை, அதை எந்தக் கிடாயும் வாங்க முடியாது. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைப் பிடுங்காதீங்க. உங்க ஊர்ல எவனாவது யாரையாவது இடிச்சா, அங்கேயும் இதையே போய்ச் சொல்லு."

இரண்டடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுப் பக்கம் வந்தா, ரொட்டி தின்னாமப் போயிடாதே."