அண்ணன் பூட்டு

அப்பா வீட்டுக் கதவில் மூன்று கொண்டி, மூன்று பூட்டு. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது. மூன்று பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். யோசனை என்னுடையதுதான். பின்னே? தம்பியை நம்பி விட்டால் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கால் முளைத்துவிடாதா?

உயில் கியில் எதுவும் எழுதாமல் அண்ணன் திடீரென்று போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் பங்கு இனி அண்ணிக்கு, அவள் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். வாங்க ஆள் தயார், அதே தெரு மருந்துக்கடைக்காரர். ஆனால் உள்ளே பார்க்காமல் பேச்சே இல்லை என்றார்.

எனக்கோ அவசரம். என் தையல்கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வீடு விற்றால்தான் இரண்டு மெஷினையும் கொண்டுபோய்ப் போட எனக்கென்று ஓர் இடம் கிடைக்கும். இல்லையென்றால் நடுத்தெருதான்.

அண்ணியிடம் சாவி கேட்டால், "தேடிக்கிட்டே இருக்கேன்மா, கிடைக்கல" என்றாள். அடுத்த வாரம் கேட்டாலும் அதே பாட்டு. சாவி என்ன இறக்கை கட்டியா பறக்கும்? போதாக்குறைக்கு, அண்ணி மருந்துக்கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான்.

"தலைவலி மாத்திரை வாங்கப் போயிருப்பாங்க அக்கா."

"ஏன், அவங்க தெருவுல மாத்திரை விக்கிறதில்லையா? நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்கடா. நீ நல்லா தலையைக் காட்டு!"

இவன் எதற்கு அண்ணிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அவன் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு ரிப்பேர்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். அண்ணியும் வந்தாள். "அக்ரிமென்ட் கொண்டு வந்திருக்கியாம்மா? இன்னைக்கே கையெழுத்து போட்டுடறேன்" என்று பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

இவ்வளவு சுலபமாகவா? அப்படியானால் உள்ளுக்குள் பேரம் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"போடலாம் அண்ணி. சாவியை எங்க ஒளிச்சு வச்சீங்க, இத்தனை நாளா இவர்கிட்ட தனியா என்ன பேசினீங்க, அதை முதல்ல சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். தம்பி, "அக்கா, வாயை மூடு" என்றான்.

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. "அரிசி டப்பாவைக்கூட கொட்டிப் பார்த்துட்டேன். அவர் சட்டைப்பை ஒண்ணு விடல. நான் பொய் சொல்றேங்கிறியா?"

"பொய் இல்ல, நடிப்பு!" என்று கத்தி, ஆத்திரத்தில் அண்ணன் பூட்டைப் பிடித்து உலுக்கினேன்.

பூட்டு கையோடு வந்துவிட்டது.

ரிப்பேர்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உடையலம்மா. சாவி போட்டுத் திருப்பினாத்தான் இது பூட்டும். திருப்பாம சும்மா அமுக்கி மாட்டியிருக்காங்க."

கதவு திறக்கும்போதெல்லாம் அண்ணன் கடைசியாகத்தான் வருவார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஏதோ நோண்டுவார். என்னவோ மறைக்கிறார் என்று அந்த முதுகையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். மறைத்தது இதைத்தான்.

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னாரு," என்றாள் அண்ணி. "'கூடப்பொறந்தவங்க வரக்கூடாதுன்னு எப்படிப் பூட்டுறது'ன்னு. சும்மா பேச்சுக்குச் சொன்னாருன்னு நினைச்சேன்."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. "அண்ணி, நான் ஏதோ கோபத்துல..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரிப்பேர்காரரிடம், "உங்க பையில புதுப் பூட்டு இருக்கா?" என்று கேட்டாள். இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து, அண்ணன் கொண்டியில் மாட்டி, சாவியைத் திருப்பினாள். பிடித்து இழுத்துச் சரிபார்த்தாள். சாவியும் பேனாவும் ஒன்றாகப் பைக்குள் போயின.

"ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது. நீ வச்ச சட்டம்தானேம்மா?" என்றாள். "உங்க மேல எனக்கு என்னைக்கு நம்பிக்கை வருதோ, அன்னைக்கு வந்து திறக்கிறேன்."

வேறு வீடு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மருந்துக்கடைக்காரர் நடையைக் கட்டினார்.

"அண்ணி, இங்க பாருங்க, நான் திறந்துட்டேன்!" என் பூட்டைக் கழற்றினேன். தம்பியும் அவனுடையதைக் கழற்றினான். அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்ட அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கதவைத் தள்ளினேன். அது அசையவில்லை.