தெளிந்த குளம்

நாகலக்ஷ்மி மூன்றாவது முறையாக வலையை அலசிப் பார்த்தாள். கல்லூரி ஆய்வுக்காக அவள் வாராவாரம் வரும் செம்பூர் குளத்தில் ஒரு நீர்ப்பூச்சிகூட இல்லை. அகப்பட்ட ஒரே நத்தையின் ஓடும் விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. லிட்மஸ் தாளை நனைத்தாள், சிவந்தது.

கரையில் நின்ற கணவர் பஞ்சுவுக்கோ ஒரே பெருமை. "அடிவரைக்கும் தெரியறது பார். கணபதி விசர்ஜன்ல சிலையெல்லாம் கரைச்சுக் கலங்கிக் கெடந்ததோல்யோ? நம்ம சொசைட்டி சார்பா படிகாரம் போட்டோம்."

"எவ்வளவு போட்டேள்?"

"ஒரு மூட்டை போட்டும் தெளியலை. லாரியிலேயே கொண்டுவந்து கொட்டியாச்சு."

"தண்ணி ஆசிடாயிடுத்து. உள்ளே இருந்ததெல்லாம் செத்துப்போச்சு."

பஞ்சுவின் சிரிப்பு மறைந்தது. அவசரமாகப் போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"பெரிய ஏரிக்கும் ஒரு லாரி அனுப்பச் சொல்லியிருந்தேன். டிரைவர் போனை எடுக்கமாட்டேங்கறான்."