காற்றுக்கு ஒப்புதல் இல்லை

கூட்ட அறையின் ஜன்னல்களை மூடச் சொன்னவர் தலைவர்தான். அறிக்கை முடிவாகும் முன் ஒரு வாக்கியம்கூட வெளியே கசிந்துவிடக் கூடாதாம். வாக்கியம் ஜன்னல் வழியாக எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியாது. வைரஸ் எப்படிப் பறக்கும் என்று தெரியும். ஆனால் யாரும் என்னைக் கேட்டு ஜன்னலை மூடுவதில்லை.

நோய்த்தடுப்புத் துறையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதுக் காய்ச்சலைப் பற்றி அறிக்கை எழுதப் பல நாடுகளிலிருந்து நிபுணர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் திரையில் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. பன்றியின் மூக்கில் குச்சி விட்டு அந்த வைரஸை முதலில் பிடித்தவள் நான். ஆகவே எனக்குத் தட்டச்சு நன்றாக வரும் என்று துறை முடிவு செய்திருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'வாசிப்பு' என்று பெயர். ஒவ்வொரு வாக்கியமாகத் திரையில் வரும். ஒவ்வொருவரும் மைக்கை வாங்கி, வாயருகே வைத்து, உரக்க "ஒப்புதல்" என்று சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வாக்கியம் நகராது. கடைசி வாக்கியம் முடியும்வரை கதவு திறக்காது. மைக் கை மாறும்போதெல்லாம் அதன் கைப்பிடியை மருந்துத் துணியால் துடைத்தார்கள். கைப்பிடியை!

காய்ச்சலின் ஊற்று ஒன்றும் மர்மமல்ல. ஊருக்கு வெளியே ஓர் இறைச்சி நிறுவனம். கொட்டகையில் மேலே கோழிக்கூண்டு, கீழே பன்றி, நடுவில் வெறும் கம்பிவலை. மேலிருந்து விழுவதெல்லாம் கீழே. இட மிச்சமாம், அதற்கு விருதுகூட வாங்கியிருக்கிறார்கள். கோழியின் வைரஸும், பன்றிக்குத் தீனி போடும் மனிதனின் சளி வைரஸும் ஒரே பன்றியின் உடம்புக்குள் சந்தித்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு புது ஆளாக வெளியே வந்தன. கொட்டகையை ஒட்டியே வெட்டுக்கூடம். குளிர் போய்விடக் கூடாதென்று அங்கே ஒரே காற்றையே விசிறிகள் சுற்றிச் சுற்றி அடிக்கும். இயந்திரச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூடத்தில் கோழி வெட்டுகிறவர்களில் ஒருத்தி என் அம்மா. அவள் வெட்டிய கோழிகளில்தான் நான் பட்டம் வாங்கினேன். அந்தக் குளிரில் நின்று நின்று அவளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. இந்தக் காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டாள்.

அறிக்கையில் 'காற்றின் மூலம்' என்று இருந்தால், சட்டப்படி வெட்டுக்கூடத்தை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் கை கழுவத் தொட்டி வைத்தால் போதும். எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.

வாசிப்புக்கு முன்னால் நிபுணர்களை வெட்டுக்கூடத்துக்குச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போயிருந்தார்கள். அன்று மாலை அம்மா பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தாள். வரிசைத் தலைவி ஆகியிருந்தாள், அதற்கான தொப்பி.

"உங்க ஆபீஸ் ஆளுங்க வந்தாங்கடி. நல்ல மனுஷங்க. நம்ம நெட்டச்சி இருக்காளே, அவதான் கத்தி பிடிக்கிறத விளக்கினா. சத்தத்துல கேக்கலன்னு ஒவ்வொருத்தரா குனிஞ்சு அவ வாய்க்கிட்டயே காதைக் குடுத்தாங்க. அவ்வளவு மரியாதை."

நெட்டச்சி அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். உயரமானவள். அம்மாவின் தொப்பி மேல் அவளுக்கு ஒரு கண்.

"அவளுக்கு இருமல் இருந்துச்சே?"

"இருமிக்கிட்டேதான் விளக்கினா. அவ எதுக்குத்தான் இருமல?"

"அம்மா, நீ நாளைலருந்து போகாத. சொல்றதக் கேளு."

"நல்லாருக்கே! நான் ஒரு நாள் போகலன்னா தொப்பிய அவ தலைல கவுத்திருவாங்க."

"மூச்சு இழுக்குதுல்ல உனக்கு?"

"எனக்கு எப்பதான் இழுக்கல? உன்னப் பெத்தப்பவும் இழுத்துச்சு."

"அது அங்க காத்துல இருக்கும்மா."

"உங்க ஆபீஸ்ல அப்படிச் சொல்லிட்டாங்களா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப இன்னும் காத்துல வரல, டாக்டரம்மா. வந்ததும் சொல்லு, லீவு போடறேன்."

சொல்லிவிட்டு வெந்நீர் வைத்துக் குடித்தாள். எந்தக் கிருமியும் வெந்நீரில் செத்துவிடும் என்பது அவள் கட்சி. என் படிப்பைவிட அந்த வெந்நீர் மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

மறுநாள் திரையில் என் வாக்கியத்தைப் போட்டேன்: 'இந்நோய் மூடிய அறைகளில் காற்றின் மூலம் பரவுகிறது.'

எங்கள் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் இருக்கிறார். எதையும் "ஆனாலும்" என்று ஆரம்பிப்பார். எங்களுக்குள் அவர் பெயரே அதுதான். அவர் மைக்கைப் பிடித்தார்.

"ஆனாலும், காத்துன்னு எழுதினா ஜனங்க மூச்சு விடவே பயப்படுவாங்களே."

வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஏதோ சொன்னார். மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதை எங்கள் காதுக்கருவிகளில் சொன்னார்: 'மூடிய அறை' என்றால் விமானமும் அதில் அடங்கும், அவர்கள் நாட்டில் சுற்றுலாக் காலம் தொடங்குகிறது. இன்னொருவருக்கு 'பரவுகிறது' பிடிக்கவில்லை. முடிவாகச் சொல்வது போல் இருக்கிறதாம். மூன்றாமவர் மூக்கைச் சிந்திக்கொண்டே 'நோய்' என்ற சொல்லை மென்மையாக்க முடியுமா என்று கேட்டார்.

"சார், பக்கத்துப் பக்கத்துக் கூண்டுல தொடாம வச்ச விலங்குகளுக்கே வந்திருக்கு. சோதனை முடிவு என் மேஜைல இருக்கு" என்றேன்.

தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். தலைவர்கள் கனிவோடு பார்த்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"உண்மைதாம்மா. ஆனா அது மட்டும் இருந்தா போதுமா? எல்லாரும் சம்மதிக்கிற உண்மையா இருக்கணும்ல?"

"அப்ப ஜன்னலையாவது திறக்கலாமா, சார்?"

"வாக்கியம் முடியட்டும்."

நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அது அவைக்கு மரியாதை இல்லை என்று 'ஆனாலும்' அதிகாரி முறைத்தார். முறைத்துக்கொண்டே இருமினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இருமினார். மாற்றி மாற்றி வெட்டி, ஒட்டி, கடைசியில் எல்லாரும் சம்மதித்த உண்மை திரையில் நின்றது: 'இந்நோய் சில சூழல்களில் சிலருக்குச் சில விதங்களில் வரக்கூடும் என்பதை முற்றிலும் மறுப்பதற்கில்லை, கைகளை நன்கு கழுவவும்.'

மைக் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஒப்புதல், ஒப்புதல், ஒப்பு-ஹச்-தல். கைதட்டினார்கள். கதவைத் திறந்தார்கள்.

வாசலிலேயே நின்று ஒவ்வொருவர் மூக்கிலும் குச்சி விட்டேன். முடிவு கைக்கு வந்தபோது அவர்கள் ஆளுக்கொரு விமானத்தில், ஆளுக்கொரு ஜன்னலோரத்தில் இருந்தார்கள். அறையில் மைக் பிடித்த அத்தனை பேருக்கும் நோய் இருந்தது. முகக்கவசம் போட்டிருந்த எனக்கு இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் தனிக் காற்றில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. இதைவிடச் சுத்தமான ஒரு பரிசோதனையை நானே திட்டம் போட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது.

தலைவர் தனிமை அறையில் படுத்திருந்தார். போனில் சொன்னேன்.

"தற்செயலா இருக்கும்மா" என்று இருமினார். "அடுத்த வாசிப்புல வைப்போம்."

அடுத்த வாசிப்புக்கு முன் நிபுணர்களின் நாடுகளில் காய்ச்சல் தெரிய ஆரம்பித்தது. பிறகு அவர்கள் விமானம் மாறிய நாடுகளில். ஒவ்வொரு நாடும் அதற்கு வேறொரு நாட்டின் பெயரை வைத்தது. எல்லா நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் கை கழுவுவது எப்படி என்று காட்டினார்கள். சோப்பு நுரையில் குழந்தைகள் சிரித்தார்கள்.

நெட்டச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவள் இடத்தையும் சேர்த்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், நல்லவதான்" என்று முதல் முறையாக அவளைப் பற்றிச் சொன்னாள். மறுநாளும் வேலைக்குப் போனாள்.

நான் நேராக நிறுவனத்து மேலாளரிடம் போனேன். அவர் அறை மாடியில். பெரிய கண்ணாடி வழியே வெட்டுக்கூடம் முழுக்கத் தெரியும்.

"வாங்க மேடம். அறிக்கைல இருக்கறபடி கைகழுவற தொட்டி வச்சாச்சு. கைய நீட்டினா போதும், குழாய் தானா திறக்கும். பாக்கறீங்களா?"

"உங்க கூடத்தச் சுத்திப் பாத்தாங்களே நிபுணருங்க, அவங்க எல்லாருக்கும் வந்திருச்சு, சார்."

அவர் முகம் வெளுத்தது. ஏதோ யோசித்தார். பிறகு பல்ப் போட்ட மாதிரி முகம் பளிச்சென்று ஆனது.

"அப்படின்னா அவங்கதான் வெளியிலருந்து கொண்டுவந்து எங்களுக்குக் குடுத்திருக்காங்க!"

என்னிடம் பதில் இருந்தது. அவர்கள் வருவதற்கு வெகுமுன்பே உங்கள் பன்றிகளின் மூக்கிலிருந்து அதை எடுத்தவள் நான் என்ற பதில். வாயைத் திறந்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு பச்சைத் தொப்பி, காலியாக இருந்த இடத்துக்கும் தன் இடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கணம் நின்று, மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியது.

"யோசிக்க வேண்டிய விஷயந்தான், சார்" என்றேன். "வெளியாளுங்க கொண்டுவந்ததுன்னா உங்க ஆளுங்க பாதிக்கப்பட்டவங்க. அவங்கள இன்னும் நிக்க வச்சீங்கன்னா அப்புறம் பழி உங்க மேல வரும்."

எழுதிக் கொடுக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். தேவைப்படவில்லை. நான் படியிறங்கும்போதே சங்கு ஊதியது, விசிறிகள் நின்றன. சட்டம் செய்யாததை ஒரு பொய் செய்துவிட்டது.

மாலைக்குள் வாசலில் அறிவிப்புப் பலகை தொங்கியது: வெளிநாட்டவரால் பாதிக்கப்பட்ட நிறுவனம், கூடம் மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது. மேலாளர் தொலைக்காட்சியில் கண் கலங்கினார். 'ஆனாலும்' அதிகாரி படுக்கையிலிருந்தே பேட்டி கொடுத்தார்: நோய் வெளியிலிருந்து வந்தது என்பதில் துறைக்குச் சந்தேகமே இல்லை. என் பன்றி மாதிரிகளை யாரும் கேட்கவில்லை. கொட்டகையை யாரும் தொடவில்லை. பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் பன்றிகளும் பாதிக்கப்பட்டவைதானே.

அம்மாவை வாசலில் காத்திருந்து அழைத்துக்கொண்டேன். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். ஆத்திரத்தில் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

"உங்க ஆபீஸ் ஆளுங்கதான் கொண்டுவந்து விட்டாங்களாமே. மேனேஜரே சொல்லிட்டாரு. நெட்டச்சி அங்க சாகக் கெடக்கா. எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு, அங்கயே போய் உக்காந்து வேலை பாக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கும்மா."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"இருக்கு!" என்று கத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பன்றிகளுக்கு மாலைத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே கோழிகள் சிறகடித்தன. தீனி போடுகிறவர் பலமாகத் தும்மினார்.