அளவு ஜாக்கெட்

இரண்டு பேர் முன்னால் மாராப்பை விலக்குகிற தைரியம் ராசிபுரத்தில் முன்னூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி அவ்வளவுதான். இது தெரியாமல் நான் நாலு வருஷம் சேலத்தில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் சென்னம்மாள் அக்கா, குப்பாயி, நான் மூவரும் சேர்ந்து தைத்தோம். வெட்டுவது அக்கா, மிஷின் குப்பாயி, அளவெடுப்பதும் வருகிறவர்களிடம் வாயடிப்பதும் நான். பிறகு நான் குடும்பத்தோடு சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குக் குடிபோனேன். குடிபோன அந்த வருஷமே கட்டி வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அக்காவும் குப்பாயியும் போன் செய்தால் நான் எடுக்கவில்லை. சொன்னால் அழுவார்கள், அழுகிறவர்களைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

வீட்டில் நைட்டி, வெளியே துப்பட்டா என்று காலம் ஓடியது. இப்போது மகள் வித்யாவுக்குச் சங்ககிரியில் கல்யாணம். பட்டுச்சேலைக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு மணமேடையில் நிற்க முடியுமா? நானே ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்த்தேன். இடது பக்கம் வெறும் கோணிப்பை. தன்னைத் தானே அளவெடுக்க எந்தத் தையல்காரியாலும் ஆகாது. கையைத் தூக்கினால் டேப் நழுவும். கடைக்குப் போனால் அளவெடுக்கிற பெண்ணுக்கு வித்யா வயசு. வாசலோடு திரும்பிவிட்டேன்.

கடைசியில் ராசிபுரம் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லி அளவெடுக்கச் சொல்வதாகத்தான் திட்டம். இருந்தாலும் தப்பிக்க ஒரு வழி வேண்டுமே என்று பையில் ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு பழைய அளவு ஜாக்கெட்டையும் வைத்திருந்தேன்.

"அடேயப்பா! உஷாக்காளுக்கு வழி தெரிஞ்சிருச்சுங்களா?" என்றாள் குப்பாயி. "அந்த போன் நம்பருக்குக் கருமாதியே பண்ணிட்டமுங்க."

அக்கா கத்தரியை நிறுத்தவில்லை. "என்ன வேணுமாம்?"

படியேறும்வரை வாயில் இருந்த பேச்சு காணாமல் போயிற்று. "பொண்ணு கல்யாணமுங்கக்கா. ஒரு ஜாக்கெட். அளவுக்குக் கொண்டாந்திருக்கேன்."

அக்கா அந்தப் பழைய ஜாக்கெட்டை உதறி, என் தோளில் வைத்துப் பார்த்தார். என் கை தானாக மாராப்பை இழுத்துப் பிடித்தது.

"இது உன்ற ஜாக்கெட் இல்ல."

"நீங்க வெட்டுனதுதானுங்க."

"வெட்டுனது நான்தான். போட்டவ வேற. கையை எடு."

எடுத்தேன். குப்பாயி மிஷினிலிருந்து எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டாள். யாரும் அழவில்லை. அக்கா டேப்பை எடுத்தார்.

"மூச்சைப் புடிச்சு நிக்காத. கையத் தூக்கு."

"இவ்வளவுதானுங்க தூக்கும்."

"போதும்."

டேப் தழும்பின் மேல் போய் வந்தது. அமைதி எனக்கு ஆகாது. நெய் வியாபாரி வீட்டில் பிறந்தவள், பேரத்தில் இறங்கினேன். "ஒரு பக்கம் வேலை மிச்சமுங்களே. கூலியைப் பாதியாக்குங்க."

வாயில் குண்டூசியோடு சிரித்ததில் குப்பாயிக்குப் புரையேறியது. "பாதியா! உள்ள பஞ்சு வெச்சுத் தைக்கோணும், கைக்குழி தனியா வெட்டோணும். ஐநூறு குடுங்க சாமி!"

"முன்னூத்தம்பதுக்கு மேல ஒத்தப் பைசா கிடையாது."

"அது சரி," என்றார் அக்கா, அளவைச் சாக்பீஸால் மேசையில் குறித்துக்கொண்டே. "நாலு வருசமா நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்னு யோசிச்சுட்டுக் கெடந்தமே. அதுக்கு என்ன குடுப்ப?"

நான் மாராப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அக்கா மூலையைக் காட்டினார். முகூர்த்த சீசன், தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் கொக்கி வைக்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தன. "ஊசியக் கையில எடு. பேச்செல்லாம் அப்பறம்."

எடுத்தேன். கட்டியைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, முடி கொட்டி முளைத்ததைப் பற்றி, கொக்கிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். குப்பாயி நடுநடுவே என்னைத் திட்டினாள். சேலம் பஸ்ஸுக்கு நேரமானதும் அக்கா எண்ணிப் பார்த்தார்.

மொத்தம் நாற்பது ஜாக்கெட். கொக்கி வைத்தது பதினொன்று. என் பேரில் பாக்கி இருபத்தொன்பது.